கடல் மேல் போட்ட பழி

ராயபுரம் கல்மண்டபத்துப் பக்கம் டெரிக்கைத் தெரியாத வீடு கிடையாது. இருபது வருடமாக அந்தத் தெருக்களில் அவன் இழுத்த ஒயர்தான் ஓடுகிறது. முதலில் கேபிள் டிவி, இப்போது இன்டர்நெட். ஏணியில் ஏறினால் வேலையை முடிக்காமல் இறங்க மாட்டான் என்று பெயர் வாங்கியவன். அந்தப் பெயரை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே கெடுத்துக்கொண்டான்.

அன்று கால்வாய் தோண்டிய மெஷின் ஃபைபர் கேபிளை அறுத்துவிட்டது. தங்கை குழந்தைக்கு ஞானஸ்நானம், ஞானத்தகப்பன் அவன்தான். சர்ச்சில் எல்லாரும் காத்திருந்தார்கள். முடி மாதிரி மெல்லிய கண்ணாடி இழைகளை அரைகுறையாக ஒட்டி, கம்பத்துப் பெட்டிக்குள் மடித்துத் திணித்து மூடினான். மடித்தால் வெளிச்சம் கசியும், ஸ்பீடு படுத்துவிடும் என்று அவனுக்குத் தெரியாதா? போதாததற்கு முப்பத்திரண்டு வீடு தாங்கும் லைனில் அவன் வேலை பார்க்கும் கேபிள் ஓனர் அறுபது வீட்டைக் கோத்திருந்தார். நாளைக்கு வந்து சரி செய்யலாம் என்று போனவன்தான். மறுநாள் போன்கள் வந்தன.

"இன்னா டெரிக்கு, நெட்டு சுத்திகினே கீது?"

"கடலுக்கு அடில கேபிள் அறுந்துகீதாம். நாடு பூரா இப்டித்தான்."

வாய்க்கு வந்த பொய். ஊரே நம்பியது. வெட்கக்கேடு, அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

எதிர்வீட்டு சில்வியா, வெளிநாட்டு டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் கேட்டு டைப் செய்பவள். மூன்று வாரம் குரல் விட்டு விட்டு வந்தது. டைப் செய்தது நேரத்துக்குப் போய்ச் சேராததால் கம்பெனி அவளை நிறுத்திவிட்டது. டெரிக்கை அவள் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. கடலுக்குள் நடந்ததற்கு அவன் என்ன செய்வான்! அதுதான் அவனை அறுத்தது. சோறு இறங்கவில்லை. ஆனாலும் பெட்டியைத் திறக்கவில்லை. திறந்து சரி செய்ததும் நெட் வந்தால் பொய் வெளியே வந்துவிடுமே.

அவள் வேலை போன நான்காம் நாள் காலை, அவள் அப்பா ஹென்றி வாசலில் வந்து நின்றார். விசைப்படகு ஓட்டுகிறவர்.

"டெரிக்கு, நெட்டு படுத்த அதே வாரம் என் எஞ்சின் நின்னுபூட்ச்சு. எண்ணூராண்ட நங்கூரம் போட்டேன். தூக்கசொல்ல கனமா இன்னாவோ மாட்டிக்கிச்சு. கயித்த அறுத்து வுட்டு வந்துட்டேன். அந்தக் கேபிள நான்தான் அறுத்துகீறேன். எம்பொண்ணு வேல என்னாலதான் பூட்ச்சு. பிஷரீஸ் ஆபீசுல போய் ஒத்துக்கலாம்னு கீறேன். கூட வரியா நைனா?"

டெரிக் ஏணியை எடுத்துத் தோளில் போட்டான். செய்யாத தப்புக்கு இந்த மனுஷன் ஜெயிலுக்குப் போகத் தயாராக நிற்கிறார்.

"ஆபீசு வோணாம் மாமா. கம்பத்தாண்ட வா."

ஹென்றி ஒன்றும் புரியாமல் ஏணியைப் பிடித்துக்கொண்டார். டெரிக் ஏறி, மடிந்த இழையை வெட்டி, மறுபடி பக்குவமாக ஒட்டி, தளர்வாகச் சுற்றி வைத்தான். மேலே இருந்தே ஓனருக்குப் போன் போட்டு, பாதி வீடுகளை வேறு லைனுக்கு மாற்றாவிட்டால் நாளை முதல் வேலைக்கு வரமாட்டேன் என்று கத்தினான்.

சில்வியா போனோடு வெளியே ஓடிவந்தாள். "அண்ணே, நெட்டு வந்துட்ச்சு! கடல்ல சரி பண்ணிட்டாங்களா?"

"கடல்ல ஒண்ணும் ஆவல சில்வியா. கோளாறு இந்தப் பொட்டில. நான்தான் பொய் சொன்னேன். அப்பா எதையும் அறுக்கல."

அவள் பெட்டியை நிமிர்ந்து பார்த்தாள். "சரி பண்ண எவ்ளோ நேரம் ஆச்சு?"

"இருபது நிமிஷம்."

அவள் வீட்டுக்குள் போனாள். ஹென்றி ஏணியை விட்டுவிட்டு மகள் பின்னால் நடந்தார்.