குளத்து அம்மனிடம் பூ கேட்டோம்

போன மாசியில் எங்கள் தேயிலைத் தோட்டத்து அம்மன் குளம் வற்றிப்போனது. திருவிழாவுக்குக் கரகத்தைச் சோடித்துப் பாலிக்கிற குளம் அது. அதன் ஊற்றுத் தண்ணீர்தான் பீலிக் குழாய் வழியாக வந்து எங்கள் லயத்து வீடுகளுக்கும் குடிக்க உதவியது. பீலி நின்றதும் எல்லோரும் குடத்தோடு ஆற்றுக்கு இறங்கினோம். என் மகள் செல்வி அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. நான் கொழுந்து பறிக்கப் போன நேரம், சொன்ன பேச்சு கேளாமல் குடத்தோடு மேடு ஏறியவள் வழுக்கி விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில், குழந்தை இப்போதைக்குத் தப்பியது, இனிப் படுக்கையை விட்டு எழும்பக் கூடாது என்றார்கள்.

அன்று மாலை கோயிலில் நான் கும்பிடவில்லை. சண்டை போட்டேன்.

"ஏன் தாயி, உனக்கே குளிக்கத் தண்ணியில்ல, எனக்கு எங்கேருந்து குடுப்ப? என் புள்ளைய மட்டும் எடுத்துராத. ஒரு வழியக் காட்டு."

அந்த வாரமே, தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா, தண்ணீர்க் காரியாலயத்து அம்மா ஒருவரை அழைத்து வந்தார். அந்த அம்மா குளத்தைச் சுற்றி நடந்தார். "ஊத்துக்கிட்ட நிக்கிற யூக்கலிப்டஸ் மரங்கதான் தண்ணிய உறிஞ்சுது. மேல மரக்கறித் தோட்டத்து மண்ணும் கரைஞ்சு குளத்த மூடுது. ஒண்ண மட்டும் சரி பண்ணிப் புண்ணியமில்ல" என்றார்.

அந்த மரங்கள் நாங்கள் நேர்த்திக்கடனுக்கு வைத்தவை. அம்மன் குளத்துக்குச் சீக்கிரம் நிழல் வேண்டுமென்று, வேகமாக வளரும் கன்றாகப் பார்த்து நட்டு மஞ்சள் துணி கட்டியிருந்தோம். கோயில் தலைவர் முத்தையா அண்ணன் ஒரே பிடி.

"சாமி மரத்துல கத்தி வச்சா லயமே அழிஞ்சிரும்!"

பேச்சு தடித்தது. கடைசியில் அம்மனிடமே பூ கேட்பதென்று முடிவானது.

வெள்ளிக்கிழமை பூசாரி அம்மனின் இரண்டு தோளிலும் ஈரப் பூ வைத்தார். வலப்பக்கம் விழுந்தால் வெட்டலாம். இடப்பக்கம் விழுந்தால் பேச்சே கிடையாது. இடப்பக்கப் பூ மெல்ல நகர்ந்தது. "தாயே, செல்வி" என்றேன். நகர்ந்த பூ மாலையில் சிக்கி நின்றது. வலப்பக்கப் பூ சட்டென்று காலடியில் விழுந்தது.

முத்தையா அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா சொல்லிட்டா. கத்திய எடுங்கப்பா." மஞ்சள் துணிகளை அவர் கையாலேயே அவிழ்த்தார்.

மரங்களை வெட்டியபின் அடிக்கட்டை துளிர்க்கத் துளிர்க்கக் கிள்ளினோம், கொழுந்து பறிக்கும் எங்களுக்குக் கிள்ளச் சொல்லியா தரவேண்டும்! மேலே மரக்கறி போடும் சிங்கள ஆட்களும் எங்களோடு உட்கார்ந்து பேசி, மண் கரையாமல் வரப்புக் கட்டினார்கள். தோட்டத்து நிர்வாகம் மேட்டு லயத்து அழுக்குத் தண்ணீர்க் கானைக் குளத்துக்கு வராமல் திருப்பியது. செல்விக்கு மட்டும் லயத்துப் பெண்கள் முறை வைத்துத் தண்ணீர் சுமந்தார்கள். அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

வைகாசியில் மழை பிடித்தது. செல்வி நல்லபடியாகப் பெற்ற பேத்தியைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று பீலியில் நூல்போலத் தண்ணீர் வந்தது. குடம் நிறையும்வரை மழையில் நனைந்தபடி அழுதேன். அவளுக்கு வீட்டில் முதல் குளிப்பு அந்தத் தண்ணீரில்தான்.

இந்த மாசியில் கரகம் எங்கள் குளத்திலேயே பாலித்தோம். முன்பெல்லாம் சோப்புத் தண்ணீர் குளத்தில் கலக்குமா என்று பார்த்துக் கொட்டியதில்லை, இப்போது பார்க்கிறேன்.

தண்ணீரில்லாமல் தவிக்கும் அக்கா, அண்ணன்மாரே, நீங்களும் தாயிடம் கேளுங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள். ஆனால் போகும்போது மம்பட்டியையும் எடுத்துக்கொண்டு போங்கள். அவள் சரி என்றால் அன்றைக்கே வேலை இருக்கும்.