அண்ணனின் கறுப்புக் கட்டம்

பன்னிரண்டாம் வகுப்பில் எங்கள் உயிரியல் டீச்சர் போர்டில் ஒரு குடும்பத்தை வரைந்தார். ஆண் என்றால் கட்டம், பெண் என்றால் வட்டம். நோய் கண்டவரைக் கறுப்பாக நிரப்ப வேண்டும். சொந்தத்துக்குள் கல்யாணம் என்றால் நடுவே இரட்டைக் கோடு. "உங்க குடும்பத்தை வரைஞ்சிட்டு வாங்க" என்றார். ராசிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்கிற வேலையா இது? இரட்டைக் கோடு போட்டே எங்கள் பென்சில்கள் தீர்ந்தன.

என் படத்தில் ஒரே ஒரு கறுப்புக் கட்டம். அது என் அண்ணன். நாலாவது படிக்கும்போது இறந்துபோனான். அவனுக்கு உடம்பில் ரத்தம் ஊறாது. சில வாரங்களுக்கு ஒருமுறை அம்மா அவனைச் சேலத்துக்குக் கூட்டிப்போய் ரத்தம் ஏற்றி வருவாள். வந்ததும் அவனுக்கு அகோரப் பசி எடுக்கும். "பசிக்குதா சாமி?" என்று கேட்டுக்கொண்டே அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்கு ஓடுவாள். அப்புறம் நாளாக ஆக வெளுத்துப்போய்ப் பாயில் கிடப்பான்.

தலசீமியா என்ற பெயரைப் பாடப்புத்தகத்தில்தான் முதலில் பார்த்தேன். டிஎன்ஏவில் ஏதோ ஓரிடத்தில் சிறு பிசகு. அந்த மரபணு ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதி, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒன்று மட்டும் கெட்டிருந்தால் வெளியே தெரியாது, ஆயுசு முழுக்க நன்றாகவே நடமாடலாம். இரண்டும் கெட்டால் கறுப்புக் கட்டம். என் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள்.

அன்றிலிருந்து அண்ணன் என்னை விடவில்லை. கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் கீழிமையை இழுத்துச் சிவப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். தறிச் சத்தம் சட்டென நின்றால் பாயில் அவன் புரள்வது கேட்கும். பயமாக இருந்தது. அவனைப் பார்த்துப் பயப்படுகிறோமே என்று அழுகையும் வந்தது.

காரணம் இருந்தது. அவன் போன துக்கத்தில் இரண்டு வீட்டு உறவும் அறுந்துவிடக் கூடாது என்று, அந்த வருடமே என்னை மாமன் மகனுக்கென்று பேசி வைத்துவிட்டார்கள். நான் வயதுக்கு வந்தபோது மாமன் வீட்டுச் சீர் ஒரு டெம்போ நிறைய வந்து இறங்கியது. எனக்கும் மாமன் மகனைப் பிடிக்கும், அதுதான் கொடுமை.

"ரெண்டு பேரும் ரத்தம் பாத்துட்டுத்தான் கல்யாணம்" என்றேன் அம்மாவிடம்.

"உங்கண்ணனுக்கு மொட்ட எடுக்கறது தள்ளிப்போச்சு, கொலதெய்வத்துக்குப் பொறுக்கல. எங்க ரத்தத்த எதுக்குக் கண்ணு இழுக்கற?" என்றாள். அத்தனை வருடமும் அந்த மொட்டையைச் சொல்லித்தான் அவள் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

மாமன் மகன் மறுப்பேதும் சொல்லவில்லை. "ஊசிதான? வாரேன்" என்றான். பரீட்சை முடிந்த விடுமுறையில் ஒருநாள் காலையில் சேலம் போய் ரத்தம் கொடுத்தோம், சாயங்காலமே முடிவு வந்தது. இருவருக்குமே ஒரு பிரதி கெட்டிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளலாம், பிள்ளையை வயிற்றிலேயே சோதித்துவிடலாம் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். சோதித்து, அண்ணனைப் போலவே என்று தெரிந்தால்? வேண்டாம் என்று நான் சொல்ல வேண்டியது அவனையல்லவா? என்னால் முடியாது. இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே சொல்லிவிட்டேன். மாமன் மகன் தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினான்.

அம்மா திட்டுவாள் என்றுதான் வீட்டுக்கு வந்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவள் கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"அவனுக்கு இருந்தது உன்ற ஒடம்புலயும் இருக்குதா?"

"பாதி இருக்கும்மா."

ஊசி போட்ட என் கையைப் பிடித்து, பஞ்சு ஒட்டியிருந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை, பல வருடமாக நான் பார்க்காத ஒரு வெளிச்சம் இருந்தது.

"பசிக்குதா சாமி?" என்று கேட்டுவிட்டு, அடுப்படிக்கு ஓடினாள்.

என்னை அவள் எப்போதும் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள்.