பிரமாணப் பத்திரத்தில் ஒரு சொல்

மாட்டுங்கா நிலையத்துக்கு வெளியே டிராம்பே பஸ்ஸுக்காக நிற்கிறேன். பக்கத்து மரத்தடியில் ஒரு தட்டச்சர், தாராவியிலிருந்து வந்திருக்கும் எஸ்தரம்மாளுக்குப் பிரமாணப் பத்திரம் அடித்துக்கொண்டிருக்கிறார். கப்பல் வேலைக்குப் போன கணவரிடமிருந்து ஐந்து வருஷமாகக் கடிதம் இல்லை. அண்ணன் செத்துவிட்டான், குடிசை எனக்குத்தான் என்கிறானாம் கொழுந்தன்.

“எம் புருசன் உசுரோட இருக்கது எனக்குத் தெரியும்னு அடிங்க அண்ணாச்சி.”

முப்பது வருஷம் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த என்னால் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை.

“தெரியும்னு போடக்கூடாதும்மா. நேரில் கண்டதுதான் ‘தெரியும்’. மத்ததெல்லாம் ‘நம்புகிறேன்’. வக்கீல் ஒரே கேள்வியில் மடக்கிடுவார்.”

“ஆண்டவர் இருக்காருன்னு தெரியும்லா? அவரைக் கண்டவுக யாரு?”

“அவருக்கும் ‘நம்புகிறேன்’தான். அவர் பேரில்தான் சத்தியமே பண்றோம். ஆனா அவரை எந்தக் கோர்ட்டும் சரிபார்த்ததில்லை.”

தட்டச்சர் சிரிக்கிறார். எஸ்தரம்மாள் சிரிக்காமல் யோசிக்கிறாள்.

“சரி, நம்புதேன்னே அடிங்க. தெரிஞ்சிருந்தா தெனமும் எதுக்கு முட்டிபோட்டு ஜெபம் பண்ணுதேன்? நிம்மதியால்லா தூங்கியிருப்பேன்.”

வாதம் என் பக்கம் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். தைரியமும் சொல்கிறேன்:

“ஏழு வருஷம் தகவலே இல்லாமல் போனால்தான் செத்தவர்னு கோர்ட் எடுத்துக்கும். அதுவரை கொழுந்தன் வாயை மூடிக்கிட்டு இருக்கணும்.”

“ஏழு முடிஞ்சா?”

“கோர்ட் நம்புறதை நிறுத்திடும்.”

“அது நிறுத்தட்டும்” என்று சொல்லிவிட்டு, எஸ்தரம்மாள் கட்டைவிரலை மையில் அழுத்துகிறாள்.