எழுந்திருக்க முடியாத பந்தி

எனக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தது 2009-இல். அதுவரை குலசேகரத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்துப் பாலை உறைய வைத்து ஷீட் அடிப்பது, மாடு, அடுக்களை எல்லாமே என் தலையில்தான். ஆஸ்பத்திரியில் எழுதித் தந்தவற்றில் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும் ஒன்று. எக்காரணம் கொண்டும் நிறுத்தக்கூடாது என்றிருந்தார்கள்.

சில மாதங்களில் தொடை வலி தொடங்கியது. பிறகு வலு போயிற்று. தலை சீவத் தூக்கிய கை பாதியில் விழுந்துவிடும். கணவரிடம் சொன்னேன். நெஞ்சில் நோய் வந்தவளுக்குக் காலில் என்ன என்று கேட்டார். அடுத்த வீட்டிலிருந்த அவருடைய அக்கா, நான் படுத்துச் சுகம் கண்டுவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிவைத்தாள்.

அவளுடைய பேரனுக்கு முதன்முதலாகச் சோறு கொடுத்த விசேஷத்தில், தரையில் பந்திக்கு உட்கார்ந்தேன். எல்லாரும் எழுந்து போனார்கள். என்னால் முடியவில்லை. பக்கத்திலிருந்த பெண் கை நீட்டினாள்.

"யாரும் தூக்காண்டாம்," என்றாள் அக்கா. "அவளுக்கு உடம்பு வளைய மடி. தானா எழும்பி வரட்டு."

நீட்டிய கை பின்வாங்கியது. எச்சில் இலைகளுக்கு நடுவே தவழ்ந்து போய், ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்தேன். யாரோ சிரித்தார்கள். கணவர் வாசலில் கை கழுவிக்கொண்டு நின்றார்.

அந்த வாரம் இருமலுக்கு ஒரு டாக்டரிடம் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டேன். இரண்டொரு நாளில் சிறுநீர் பாலில்லாத கட்டன் சாயா நிறத்தில் போனது. தனியாகவே பஸ் ஏறி நாகர்கோவில் போனேன். அங்கேயே படுக்க வைத்துவிட்டார்கள். மறுநாள் வந்த கணவரிடம் டாக்டர் விளக்கினார். கொழுப்பு மாத்திரை சிலருக்குத் தசையைக் கெடுக்கும். இருமல் மருந்தும் சேர்ந்ததில் தசை உடைந்து ரத்தத்தில் கலந்துவிட்டது. இன்னும் தாமதித்திருந்தால் சிறுநீரகம் போயிருக்கும். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

மாத்திரையை நிறுத்தினார்கள். மெல்ல மெல்லக் கால் தேறியது. வேறொரு மாத்திரையைக் குறைந்த அளவில் தந்தார்கள். அது தசையை ஒன்றும் செய்யவில்லை. நான் தண்ணீர்க் குடத்தோடு படியேறுவதை ஒருநாள் அக்கா பார்த்தாள். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த தன் தம்பியைக் கூப்பிட்டாள்.

"பாத்தியா மக்கா? இப்பம் எப்பிடி நடக்கா. அண்ணைக்கு எல்லாம் நடிப்புதானே?"

டாக்டர் சொன்னதை இவர் சொல்வார் என்று குடத்தை இறக்காமல் நின்றேன்.

"பின்னே இல்லாம?" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து மீன்குழம்பு கேட்டார். ஊற்றினேன்.