எக்டமி

மகளின் மருத்துவச் சீட்டில் ‘எக்டமி’ என்று முடியும் ஒரு சொல்லைப் பார்த்ததும் பினாயிலும் மசால்வடையும் கலந்த பழைய நாற்றம் மூக்கில் ஏறியது.

அறுபதுகளில், செஞ்சியில், எனக்கு எட்டு வயது. நர்ஸ் படித்த அக்கா விடுமுறைக்கு வந்தால் சோற்றுத் தட்டின் முன்னாலும் மருத்துவச் சொற்களின் கடைசிப் பகுதிகளை மனப்பாடம் செய்வாள். “ஐடிஸ்னா புண்ணாயி வீங்குறது, எக்டமின்னா வெட்டி எடுக்குறது.” எனக்குச் சோறு இறங்காது.

அப்போதுதான் வயிற்று வலியில் துடித்த அம்மாவை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். ரத்தப் பஞ்சு கிடந்த பேசினில் ஈ மொய்த்தது. வடையை மென்றுகொண்டே, எண்ணெய்க் கையோடு அம்மாவின் வயிற்றை அமுக்கிய டாக்டர், கம்பவுண்டரிடம் “நாளைக்கு ஹிஸ்டரெக்டமி” என்றார். ஏதோ மருந்தின் பெயர் என்று நினைத்து அம்மா தலையாட்டினாள்.

அக்கா வெடித்தாள். “கர்ப்பப்பைய எடுக்கப் போறீங்க. அவங்ககிட்ட சொல்லவே இல்லியே?”

“படிக்காத பொம்பளகிட்ட இன்னாத்தச் சொல்றது?” என்றார் டாக்டர்.

அம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு கட்டிலிலிருந்து இறங்கினாள். “என் வயித்துல இருக்குறத எடுக்க என்னைக் கேக்கமாட்டியா? தூ!”

பிறகு விழுப்புரத்தில் ஒரு டாக்டரம்மா அதே ஆபரேஷனைத்தான் செய்தார். ஆனால் முதலில் அம்மாவிடம் தமிழில் விளக்கிச் சம்மதம் கேட்டார்.

சீட்டை மகளிடம் நீட்டினேன். “இதுக்கு இன்னா அர்த்தம்னு சொன்னாங்களா?”

அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

“செருப்ப மாட்டு. போயி கேட்டுட்டு வரலாம்.”