வெறும் கல்லை விசிறிய மீன்

எங்கள் சட்டைக் கம்பெனியில் அவளுக்குத் தொட்டி அக்கா என்று பெயர். காலர் பிரிவில் என் பக்கத்து மெஷின் அவளுடையது. வீடும் பக்கத்து வீடு, நடுவில் ஒரு சுவர்தான். சாப்பாட்டு நேரத்தில் அவள் டிபன் டப்பாவைத் திறந்தால் போதும், யாராவது ஆரம்பித்துவிடுவார்கள்.

“என்னக்கா, இன்னிக்கு மீன் கிலோ என்ன விலை?”

“நீ வந்து தொட்டியில உக்காரு. உன்னையும் சேர்த்து எடை போட்டுச் சொல்றேன்.”

அவள் மீன் சாப்பிடுவதையே விட்டுவிட்டிருந்தாள். வீட்டில் வளர்க்கும் மீனின் முகத்தைப் பார்த்துப் பேசிவிட்டு அதையே தட்டில் பார்க்க முடியவில்லையாம்.

புருஷன் அவளை விட்டுப் போனபோது டிவியைத் தூக்கிக்கொண்டு போனார். அது இருந்த இரும்பு ஸ்டாண்டை விட்டுவிட்டார். அந்த டிவி இப்போது இன்னொருத்தி வீட்டில் ஓடுகிறது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கொஞ்ச காலம் அக்கா வெறும் ஸ்டாண்டைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிட்டாள். பிறகு ஒருநாள் அதன்மேல் ஒரு கண்ணாடித் தொட்டி வந்து உட்கார்ந்தது.

அவள் அதைப் பார்த்துக்கொண்ட விதம் தனி. குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து ஒருநாள் முழுக்க வைத்து, மருந்து வாடை போன பிறகுதான் தொட்டியில் ஊற்றுவாள். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவவே மாட்டாள். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழிவாள். “குழாயில கழுவினா நல்ல அழுக்கும் போயிடும். அழுக்குலயும் நல்லது கெட்டது இருக்கு” என்பாள். பின்பக்கம் நாடா போல நீண்ட பாசி, நடுவில் அகன்ற இலைச் செடி. நீலமும் சிவப்புமாகப் பொடி மீன்கள் கூட்டமாகத் திரும்பும்போது வீட்டுக்குள் யாரோ வளையலைக் குலுக்கியதுபோல இருக்கும்.

அந்தத் தொட்டிக்கு ராஜா ராணி இரண்டு ஏஞ்சல் மீன்கள். பெண்ணுக்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை. ஆணை மட்டும் மாப்ள என்று கூப்பிடுவாள். வெள்ளி உடம்பில் கறுப்புக் கோடுகள். மாப்ளக்கு நடுக்கோடு கீழே வரும்போது கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்திருக்கும். அக்கா வேலை முடிந்து கதவைத் திறந்தால் இரண்டும் கண்ணாடிக்கு ஓடிவரும்.

“என்ன மாப்ள, பொண்ணு சாப்ட்டாச்சா? நீ மட்டும் கொட்டிக்கிட்டியா?”

காஜாக்காரி அவளுக்கு உயிர்த்தோழி. பொத்தான் துளை போடும் காஜா மெஷினில் எங்களுக்கு மாற்று ஷிஃப்டில் வேலை. புருஷன் போன நாட்களில் அக்காவின் பக்கத்திலேயே படுத்து, சோற்றைப் பிசைந்து வாயில் ஊட்டியவள் அவள்தான். அவள் வீட்டிலும் சின்னதாக ஒரு தொட்டி உண்டு. அக்கா வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் அவளிடம் இருக்கும். நாங்கள் வேலைக்குப் போன பிறகு வந்து மீனுக்கு இரை போட்டு, தொட்டி விளக்கைப் போட்டுவிட்டுப் போவாள்.

முட்டை வைக்க ஒரு கறுப்புக் கல் பலகையைக் கொண்டுவந்து கொடுத்ததும் அவள்தான். “இதைச் சாய்ச்சு வை. வீடியோல பாத்தேன், இதுலதான் இதுங்களுக்கு இஷ்டம்” என்றாள். முதல் தடவை கழுவும்போதே அக்கா கைதவறிக் கீழே போட்டு, ஒரு மூலை உடைந்துவிட்டது. பரிசாக வந்த பொருளாயிற்றே என்று உடைந்த மூலையை மணலுக்குள் புதைத்து வைத்தாள்.

வீடியோ சொன்னது பொய்யில்லை. ஒரு சாயங்காலம் அக்கா சுவரைத் தட்டினாள். ஓடிப்போய்ப் பார்த்தால் ரவையை விரலால் ஒற்றி வரிசையாக வைத்ததுபோல கல் முழுக்க முட்டை. இரண்டு மீனும் மாறி மாறி அதன்மேல் செட்டையால் விசிறிக்கொண்டிருந்தன.

“ரெண்டும் சேர்ந்து குஞ்சுங்களை மேய்க்குமாம், கோழி மாதிரி. அதை ஒருதடவை பாக்கணும் எனக்கு. வேற ஒண்ணும் வேணாம்.”

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது கல் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. முட்டை ஒன்றுகூட இல்லை.

அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறையும். காஜாக்காரி உச்சுக்கொட்டினாள்.

“நீ வேற! அந்த மாப்ளதான் தின்னிருப்பான். அப்பன்தான் முதல்ல திங்கும்னு எல்லா வீடியோலயும் சொல்றாங்க. ஆம்பளைங்க எல்லாம் ஒண்ணுதான்டி. தண்ணில இருந்தா என்ன, தரைல இருந்தா என்ன?”

அக்கா சிரிக்கவில்லை. அந்தச் சொல் போய்ச் சேரவேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டது.

எனக்கு மட்டும் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. முட்டை காணாமல் போன சாயங்காலங்களில் மாப்ள அந்த வெறும் கல்லின் முன்னால் நின்று விசிறிக்கொண்டே இருக்கும். இரை போட்டாலும் வராது. கல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு, திரும்ப வந்து அதே இடத்தில் விசிறும்.

“அக்கா, தின்னவன் எதுக்கு விசிறணும்?” என்று மெல்லக் கேட்டேன்.

“நடிப்பு. எங்க வீட்டு ஆளு மட்டும் என்ன? கிளம்புன அன்னிக்குக்கூட காஸ் சிலிண்டரை மாத்திக் குடுத்துட்டுத்தான் போனாரு.”



தொட்டியின் குறுக்கே ஒரு கண்ணாடியைச் செருகி இரண்டையும் பிரித்தாள். ஒரு பக்கம் மாப்ள, ஒரு பக்கம் பெண். இரண்டும் கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மூக்கோடு மூக்கு வைத்து நின்றன. அதைப் பார்க்கச் சகிக்காமல் அக்கா பொரிந்தாள். கடைசியில் காஜாக்காரிதான் சொன்னாள், “பாத்துப் பாத்து ஏன் வயிறெரியறே? என்கிட்ட குடு, என் தொட்டியில கிடக்கட்டும்.” பிளாஸ்டிக் பையில் தண்ணீர் கட்டி மாப்ளயை அதில் விட்டபோது அக்கா பையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

“உன்னையும் நம்பினேன் பாரு.”

அந்தச் சமயத்தில்தான் காஜாக்காரியை மாதிரிச் சட்டை தைக்கும் சாம்பிள் ரூமுக்கு மாற்றினார்கள். அங்கே தலைக்கு மேல் ஃபேன் உண்டு. மணிக்கு இத்தனை என்ற விரட்டல் கிடையாது. எங்கள் எல்லோருக்கும் வயிற்றெரிச்சல். அக்காவுக்கு மட்டும் சந்தோஷம். தன் நாற்காலியில் போட்டிருந்த பஞ்சு மெத்தையை எடுத்துக்கொண்டுபோய் அவள் நாற்காலியில் போட்டுவிட்டு வந்தாள்.

காஜாக்காரி சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு லீவு போட்ட வாரம், மேனேஜர் ஆள் அனுப்பி அக்காவைக் கூப்பிட்டார். வாளி தூக்க நானும் கூடப் போனேன். அவர் அறையில் அவ்வளவு பெரிய தொட்டி இருப்பது எங்கள் யாருக்கும் தெரியாது. தண்ணீர் கலங்கிப் போயிருந்தது.

“சாம்பிள் ரூம் அம்மாதான் இதைப் பாத்துக்கறாங்க. அவங்க லீவு. நீங்களும் மீன் வளர்க்கறீங்கன்னு சூப்பர்வைசர் சொன்னாரு. கொஞ்சம் பாருங்கம்மா” என்று சொல்லிவிட்டு அவர் ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

கலங்கல் தண்ணீருக்குள் ஏஞ்சல் குஞ்சுகள். சில நகம் அளவு, சில ஒரு ரூபாய்க் காசு அளவு. ஒவ்வொரு ஈடும் ஒவ்வொரு வயது. அவற்றில் பாதிக்கு நடுக்கோடு கீழே வந்து கவட்டையாகப் பிரிந்திருந்தது. கூட்டத்தைச் சுற்றி ஒரு பெரிய மீன் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. அக்காவைப் பார்த்ததும் அது கண்ணாடிக்கு ஓடிவந்தது.

அக்கா குனிந்தாள். மூலையில் ஒரு கறுப்புக் கல் சாய்ந்திருந்தது. அதன் மேல்மூலை உடைந்திருந்தது.

 தண்ணீரைக் குழாய் போட்டு இறக்கினாள். பஞ்சை அந்தத் தண்ணீரிலேயே பிழிந்தாள். எல்லாம் எப்போதும்போல் சுத்தமாகச் செய்தாள்.  வாளியை வாங்க நான் கை நீட்டியும் தரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்குள் கையை விட்டு, மணலிலிருந்து கல்லைப் பிடுங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாலு மூலையும் முழுசாக இருந்தன. காஜாக்காரி முட்டையோடு இருந்த கல்லைத் தூக்கிக்கொண்டு, அதே மாதிரி வேறொரு கல்லை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஒவ்வொரு முறையும்.

வார விடுமுறையன்று காஜாக்காரி வழக்கம்போலக் கதவைத் தட்டாமல் சாவி போட்டுத் திறந்துகொண்டு வந்தாள். அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே பேப்பரில் அந்தக் கல். நான் எழுந்து போகப் பார்த்தேன். அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

காஜாக்காரி கல்லைப் பார்த்தாள். 

“மேனேஜர் அவரு தொட்டிக்கு ஏஞ்சல் குஞ்சு கேட்டாருடி. எனக்கும் அந்த மெஷின்ல நின்னு நின்னு காலு போச்சு. உன்கிட்ட கேட்டா நீ குடுத்திருக்க மாட்டே.”

“கேட்டிருந்தா குடுத்திருப்பேன். அது உனக்கும் தெரியும்.”

“ஒரு மீனுக்காக மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவியா? உன் புருஷன் போன அன்னிக்கு உன் கூட யாருடி படுத்திருந்தா?”

“நீதான். அதனாலதான் நீ சொன்னதை நம்பினேன்.” அக்காவின் குரல் உயரவே இல்லை. “முட்டையை எடுத்ததுகூடப் பரவால்ல. அது பாவம், புள்ளைங்களைக் காணோம்னு வெறும் கல்லை விசிறிட்டு நின்னுச்சு. அதைப் பாத்து என் வாயால திருடன்னு திட்ட வெச்சே பாரு. என் புருஷன் பேரைச் சொல்லித் திட்ட வெச்சே. அதை எங்க கொண்டுபோய் வைப்பேன்?”

காஜாக்காரி அழுதாள். உண்மையாகத்தான் அழுதாள் என்று எனக்குத் தோன்றியது.

“மாப்ளயை வேணா கேட்டு வாங்கிட்டு வரேன்.”

“வேணாம். அங்க அவன் புள்ளைங்களோட இருக்கான். அதையும் பிரிச்ச பாவம் எனக்கு எதுக்கு? சாவியை வெச்சுட்டுப் போ.”

சாவியைக் கல்லின்மேல் வைத்தாள். அந்தச் சத்தம் என் காதில் வெகுநேரம் இருந்தது.

கம்பெனியில் இப்போது இருவரும் பேசிக்கொள்வதில்லை. பஞ்சு மெத்தை மட்டும் ஒருநாள் காலை அக்காவின் நாற்காலிக்குத் திரும்பி வந்திருந்தது. அவள் அதை எடுத்து என் நாற்காலியில் போட்டாள்.

தொட்டியின் குறுக்குக் கண்ணாடியை அவள் எடுக்கவில்லை. ஒரு பாதியில் எல்லா மீனும், மறு பாதி காலி. சென்ற வாரம் சுவரைத் தட்டினாள். போய்ப் பார்த்தேன். பெண் மீன் அந்தக் குறுக்குக் கண்ணாடியிலேயே, முன்பு இரண்டும் மூக்கு வைத்து நின்ற இடத்திலேயே முட்டை வைத்திருந்தது. ஆண் இல்லாத முட்டை. மறுநாள் நாங்கள் வேலை முடிந்து வந்தபோது எல்லாம் வெளுத்துச் சுண்ணாம்புப் பொட்டுகளாகிவிட்டிருந்தன.

“பாரு” என்றாள் அக்கா. “ஒண்ணுகூடக் குறையல.”

பெண் மீன் விசிறிக்கொண்டிருந்தது. அக்கா ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். இரை டப்பாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, அது வரட்டும் என்று காத்திருந்தாள்.