குரோம் புண் என்றான் அண்ணன்

என் அண்ணனை நான் மன்னிக்கவில்லை. கடைசியில் மனம் இளகுவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

அப்பா ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில், தோலைப் போட்டு உருட்டும் டிரம் ஓட்டியவர். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு உடம்பில் எந்தப் புண் வந்தாலும் அது, பதனிடும் குரோம் உப்பு பட்டு வந்த குரோம் புண்தான். மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் போட்டுவிட்டு மறுநாள் வேலைக்குப் போவார்கள். அப்பாவின் முதுகில் மிளகளவு வந்ததற்கும் அதே பெயர், அதே மருந்து. அவர் வேலையை விட்டு வருஷங்களாகியும் அது ஆறவில்லை. அண்ணன் அதே ஷாப்பில் சூப்பர்வைசர். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் ஷாப்பைப் பற்றிக் கேள்வி வரும், முதலாளிகள் தன் வேலைக்கு வேட்டு வைத்துவிடுவார்கள் என்று பயந்தான்.

நான் வாலாஜாபேட்டையில் வாழ்க்கைப்பட்டவள்; அப்பா அண்ணனோடு இருந்தார். போனில் கேட்டால், "குரோம் புண்ணுதாம்மா, ஆறிக்கினே வருது" என்பான். பொங்கலுக்குப் போனபோது அப்பாவைப் பின்னறையில் தனியாகப் படுக்க வைத்திருந்தான். நாற்றம் வாசல் வரைக்கும் அடித்தது. சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். தோள்பட்டைக்குக் கீழே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சதை அழுகிப் பிளந்திருந்தது.

மறுநாளே வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அண்ணனும் வேண்டாவெறுப்பாக வந்தான். சதையில் துளி வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மூன்று பேரும் முடிவு வாங்கப் போனபோது தோலில் புற்றுநோய் என்றார் டாக்டர்.

"மெதுவா வளர்ற வகை. சின்னதா இருந்தப்பவே வந்திருந்தா, மரத்துப்போற ஊசி போட்டு எடுத்துட்டு அன்னிக்கே அனுப்பியிருப்போம். இப்போ ஆழமா வெட்டணும். தொடையிலேர்ந்து தோல் எடுத்து ஒட்டணும். இந்த வயசுல தாங்குவாரான்னு சொல்ல முடியல."

அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று. "குரோம்னால வந்ததா சார்?"

"அப்படிச் சொல்ல முடியாது."

"அப்பாடா" என்றான், வாய்விட்டு.

அப்பா பிழைக்க மாட்டாரோ என்று நான் பயந்துகொண்டிருந்த நேரத்தில் அவனுக்கு வந்த சொல் அது. அங்கேயே அறைந்திருப்பேன். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபரேஷன் நீண்டது, ஆனால் பிழைத்துவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகு, கட்டு மாற்ற நர்ஸ் யாரையாவது வைக்கலாம் என்றான் அண்ணன். கையுறையை அவன் கையில் திணித்தேன்.

"நீதான் மாத்தணும். தெனம் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து மாத்து."

முதல் நாள் கட்டைப் பிரிக்கும்போது முகத்தைத் திருப்பினான். "நல்லா பாருண்ணா" என்றேன். பார்த்தான். பிறகு சின்னப் பிள்ளையைப் போலத் தேம்பினான். எனக்கு அது இனித்தது.

"பாவம், வுட்டுடும்மா" என்றார் அப்பா, குப்புறப் படுத்தபடியே.

நான் அடுத்த பஞ்சை எடுத்து அண்ணனிடம் நீட்டினேன்.